இரண்டு லிட்டர் பாட்டில் தினமும் காலி, ரத்தத்தில் சோடியம் 157

நோயாளிக்கு வயது 76. குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், இரணியலை ஒட்டிய ஒரு கிராமம். கணவர் இல்லை. ஒரே மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் மருமகளும் பள்ளிக்குப் போகும் இரண்டு பேரப்பிள்ளைகளும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் (சிறுநீரைத் தள்ளும் மருந்து) சேர்ந்த மாத்திரை ஒன்று, அதோடு ஆம்லோடிபின். முட்டு வலி வந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. சர்க்கரை 'பார்டர்' என்று யாரோ சொன்னதிலிருந்து சாப்பாட்டில் சில மாற்றங்கள். அதைப் பிறகு சொல்கிறேன், அதில் விஷயம் இருக்கிறது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் சந்தேகப்பட்டவர் கடலுக்கு அப்பால் இருந்த மகன்தான். ஈஸ்டர் முடிந்த வாரம், இரவு வீடியோ காலில் அம்மா பேசிய விதம் அவருக்குச் சரியாகப் படவில்லை. "பேச்சு குழறுது, வாய் கோணியிருக்கான்னு பாரு" என்று மனைவியிடம் சொன்னார். வாய் கோணவில்லை. ஆனால் மாமி தன்னை, என்றோ இறந்துபோன தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை மருமகள் அப்போதுதான் கவனித்தார். பொழுது விடிவதற்குள் 108-ஐ வரவழைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாதமாக இருக்கும் என்ற பயம்.

வந்தபோது கண் திறந்திருந்தார், ஆனால் மந்தமாக இருந்தார். கேள்விக்குப் பதில் வர நேரமானது. கிழமை தெரியவில்லை. கை கால் நான்கிலும் பலம் ஒரே அளவில் இருந்தது. காய்ச்சல் இல்லை. நாடித் துடிப்பு 104. படுத்திருக்கையில் ரத்த அழுத்தம் 108/66. உட்கார வைத்ததும் 86/58. இந்த ஒரு இறக்கமே பாதி கதையைச் சொல்லிவிட்டது. நிமிரும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால், குழாய்க்குள் ஓட வேண்டிய அளவு ரத்தம் ஓடவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவோ புதிய அடைப்போ தென்படவில்லை. வயதுக்குரிய மூளைச் சுருக்கம் மட்டும்.

பயிற்சி மருத்துவர் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கூடாரம் மாதிரி நின்றது. எழுபது வயதுக்கு மேல், நன்றாகத் தண்ணீர் குடிக்கிறவருக்கும் அது அப்படித்தான் நிற்கும், ஏனென்றால் தோலின் இழுவைத்தன்மை போயிருக்கும். வாய் உலர்ந்திருப்பது, சிறுநீரின் நிறம் ஆகியவையும் முதியவர்களிடம் நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. முதியோர் ஊட்டச்சத்துக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல் இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. ரத்தம்தான் பேச வேண்டும்.

பேசியது. சோடியம் 157 (இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை). பொட்டாசியம் 5.2. யூரியா 96. சிறுநீரகம் சோர்ந்தால் ஏறும் கிரியேட்டினின் 1.8, ஆறு மாதம் முன்பு எடுத்த சீட்டில் அது 0.9. சர்க்கரை 118. சிறுநீரில் சர்க்கரையோ கிருமித் தொற்றோ இல்லை. அதன் அடர்த்தி 1.018.

சோடியம் அதிகம் என்று மருமகளிடம் சொன்னதும் வந்த பதில்: "உப்பே சேர்க்காமத்தான சமைக்கேன் டாக்டர், அப்புறம் உப்பு எப்டி கூடும்?"

நியாயமான கேள்வி. சோடியம் 157 என்றால் உப்பு ஏறிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடைமுறையில் முதியவர்களிடம் இந்த எண் ஏறினால், பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள். இருக்கிற உப்பு குறைந்த தண்ணீரில் கரைந்து நிற்கிறது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்குப் போடலாம். எடை 48 கிலோ. இந்த வயதுப் பெண்ணின் உடம்பில் சுமார் 45 சதவீதம் தண்ணீர், அதாவது 21.6 லிட்டர். அதை 157-ஐ 140-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்து வருவதோடு பெருக்கினால் ஏறத்தாழ 2.6 லிட்டர். இருக்க வேண்டிய தண்ணீரில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு இல்லை.

மருமகள் அடுத்து சொன்னதுதான் எங்களைக் குழப்பியது. "தண்ணியெல்லாம் நல்லா குடிப்பாங்க. காலையில ரெண்டு லிட்டர் பாட்டில் நெறச்சு கட்டிலுக்குப் பக்கத்துல வப்பேன். சாயந்தரம் காலியாயிருக்கும்."

இரண்டு லிட்டர் குடிக்கிறவருக்கு சோடியம் 157 வர வேண்டுமானால், அந்தத் தண்ணீர் எங்கேயோ ஒழுகிப் போக வேண்டும். வயிற்றுப்போக்கு இல்லை, வாந்தி இல்லை, காய்ச்சல் வியர்வை இல்லை. சர்க்கரை சிறுநீரோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகவில்லை. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்காமலோ வேலை செய்யாமலோ போனால் சிறுநீரகம் லிட்டர் லிட்டராக வெளியேற்றும். ஆனால் அப்போது சிறுநீர் பச்சைத் தண்ணீர் போல இருக்கும். அடர்த்தி பெரும்பாலும் 1.005-ஐத் தாண்டாது. இவருக்கு 1.018. சிறுநீரகம் தன்னால் முடிந்தவரை தண்ணீரைப் பிடித்து வைக்கப் பார்த்திருக்கிறது. முடிந்தவரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இதே சோடியம் அளவில் இருபத்தைந்து வயதுக்காரரின் சிறுநீர் 1.030-ஐத் தொட்டிருக்கும்.

ஆக, தண்ணீர் வெளியே போய்த் தீரவில்லை. உள்ளேயே போகவில்லை. அப்படியானால் பாட்டில் எப்படிக் காலியானது?

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தெளிவு திரும்ப வேண்டியிருந்தது. சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரை மூன்றும் நிறுத்தப்பட்டன. முதலில் அழுத்தம் நிமிர நார்மல் சலைன். பிறகு பாதி அடர்த்தி சலைன். விழுங்குவது சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு வாய்வழியே தண்ணீர். அவசரப்படவில்லை. பல நாளாக ஏறிய சோடியத்தை ஒரே நாளில் இறக்கினால் மூளை வீங்கும். 24 மணி நேரத்தில் 10 புள்ளிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வது வழக்கம். முதல் நாள் முடிவில் 149, மறுநாள் 144, மூன்றாம் நாள் 141. கிரியேட்டினினும் கூடவே இறங்கியது.

இதற்கிடையில் சொந்தக்காரர்கள் செவ்விளநீர்க் குலையோடு வந்துவிட்டார்கள். நம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போவதென்றால் அதுதானே முதலில் கைக்கு வரும். நர்ஸ் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார், கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். சிறுநீரகம் சோர்ந்து, பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய டெல்மிசார்ட்டனும் உள்ளே இருந்து, பொட்டாசியம் ஏற்கெனவே 5.2-இல் நிற்கிறவருக்கு அது இதயத் துடிப்பையே புரட்டிவிடக்கூடும். மற்ற நாட்களில், மற்றவர்களுக்கு, இளநீர் நல்லதுதான்.

மூன்றாம் நாள் பாட்டி தெளிவாகப் பேசினார். பாட்டிலைப் பற்றிக் கேட்டதும் மருமகள் வெளியே போயிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திருவேன் டாக்டரே. குடிக்கலன்னா அவ சங்கடப்படுவாள்லா."

ஏன் குடிக்கவில்லை? கழிவறை வீட்டுக்குப் பின்னால், பின்வாசலிலிருந்து நான்கு படி இறங்க வேண்டும். கைப்பிடி கிடையாது. போன மழைக்காலத்தில் பாசியில் ஒருமுறை வழுக்கியிருக்கிறார், எலும்பு தப்பியது. காலையில் போடும் மாத்திரை முற்பகல் முழுவதும் சிறுநீருக்கு விரட்டும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழ வேண்டும். அடக்கவும் முடியாது. தண்ணீர் குடித்தால் படி இறங்க வேண்டும், படி இறங்கினால் விழலாம். அவர் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் விழுந்து இடுப்பு முறிந்த கிழவிகளை அவர் தெருவிலேயே பார்த்திருப்பார்.

கடைசியாக அவர் கேட்டதுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி: "தாகம் எடுத்தா குடிக்காமலா இருப்பேன்? எடுக்கவே இல்லையே."

உண்மையைத்தான் சொன்னார்.

தாகம் தொண்டையில் பிறப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸை ஒட்டி, ரத்தத்தின் அடர்த்தியை நேரடியாக ருசி பார்க்கும் செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் உப்பின் விகிதம் கூடினால் இந்தச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறி அவை சுருங்கும். அந்தச் சுருக்கம் இரண்டு ஆணைகளாகப் போகிறது. ஒன்று, வாசோபிரெசினை விடு, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கட்டும். இன்னொன்று, தாகம். இளவயதில் அடர்த்தி ஓரிரு சதவீதம் ஏறினாலே இரண்டும் இயங்கத் தொடங்கிவிடும். வயதாக ஆக முதல் ஆணை பெரும்பாலும் ஒழுங்காகப் போகிறது. இரண்டாவதுதான் தாமதமாகிறது, மெலிகிறது.

1984-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 67 முதல் 75 வயது வரையுள்ள ஆரோக்கியமான ஆண்களையும் 20 முதல் 31 வயது வரையுள்ள ஆண்களையும் 24 மணி நேரம் தண்ணீரில்லாமல் இருக்க வைத்தார்கள். முதியவர்களின் ரத்தத்தில்தான் சோடியமும் அடர்த்தியும் அதிகம் ஏறின. வாசோபிரெசினும் அவர்களுக்கே அதிகம். ஆனால் தாகம் குறைவு. வாய் வறண்டதாகக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. பிறகு வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று தண்ணீரைக் கொடுத்தபோது இளைஞர்களைவிடக் குறைவாகக் குடித்தார்கள். அடர்த்தி பழைய நிலைக்குத் திரும்பும் முன்பே போதும் என்றுவிட்டார்கள். கவனியுங்கள், அவர்கள் நோயாளிகள் அல்ல. நல்ல திடகாத்திரமான ஆட்கள்.

சிறுநீரகத்தின் பக்கம் வேறு கதை. நாற்பது வயதுக்கு மேல் அதன் வடிகட்டும் திறன் சராசரியாக ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. வாசோபிரெசின் வந்து தட்டினாலும் பழைய வேகத்தில் திறப்பதில்லை. அதே கழிவை வெளியேற்ற இளையவரைவிட அதிகத் தண்ணீர் செலவாகிறது. உப்பைத் திரும்பப் பிடிக்கச் சொல்லும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஆகியவையும் வயதில் தணிந்துபோகின்றன. ராத்திரியில் சிறுநீர் குறைய வேண்டும் என்ற தாளமும் கலைகிறது, அதனால்தான் தாத்தா பாட்டிகள் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள்.

போதாததற்குச் சேமிப்பும் சிறுத்துவிடுகிறது. தசையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர், கொழுப்பில் மிகக் குறைவு. வயதில் தசை கரைந்து கொழுப்பு கூடுவதால், இளம் ஆணின் உடம்பில் 60 சதவீதமாக இருக்கும் தண்ணீர் முதிய பெண்ணிடம் 45 சதவீத அளவுக்கு வந்து நிற்கிறது. மகனும் அம்மாவும் ஒரே அளவு தண்ணீரை இழந்தால் அடி அம்மாவுக்குத்தான் பலமாக விழும்.

சரி, இந்த நிலை பல வருடமாக இருந்திருக்குமே, ஏன் இந்த ஏப்ரலில் மட்டும்? வீட்டு நடப்பை விசாரித்தபோது ஒவ்வொன்றாக வந்தது.

முதலாவது கஞ்சி. இரவில் கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும்தான் இந்தப் பாட்டியின் வாழ்நாள் சாப்பாடு. கஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியில் 300, 400 மில்லி தண்ணீர், கூடவே உப்புக்கல் ஒன்றிரண்டு, தாகம் என்ற எண்ணமே இல்லாமல் உள்ளே போய்விடும். சர்க்கரை பார்டர் என்றதும் கஞ்சி நின்று இரண்டு சப்பாத்தி வந்தது. அன்றிலிருந்து தினம் அந்த அளவு தண்ணீர் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அதை யாரும் தண்ணீர்க் கணக்கில் வைத்ததே இல்லை. சாப்பாட்டை மாற்றும்போது அதிலிருக்கும் மாவுச்சத்தை எண்ணுகிறோம், ஈரத்தை எண்ணுவதில்லை. எனக்கு இந்த வழக்கில் பாட்டிலைவிடக் கஞ்சிதான் முக்கியமாகப் படுகிறது. பாட்டில் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். கஞ்சி சத்தமில்லாமல் போய்விட்டது.

இரண்டாவது, பெரிய வெள்ளி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை. மாத்திரையை மட்டும் விடவில்லை; உபவாசமானாலும் மாத்திரை போட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்திருக்கிறார். சிறுநீரைத் தள்ளும் மருந்து, தண்ணீரில்லாத நாள், கடலோரப் புழுக்கம். நம் ஊர் வெயில் வேலூர் வெயில் போல எண்ணில் மிரட்டாது. ஆனால் காற்றில் ஈரம் அதிகம் இருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பும் குளிராது.

மூன்றாவது, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்ததில் முட்டு பிடித்துக்கொண்டது. வலி மாத்திரை, தொடர்ந்து நான்கு நாள். டெல்மிசார்ட்டன் வகை, சிறுநீர் மருந்து, டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை என்ற மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் குறைந்திருந்தால், சிறுநீரகத்துக்குள் ரத்தம் தள்ளும் அழுத்தத்தை மூன்று பக்கத்திலிருந்தும் குறைத்துவிடும். கிரியேட்டினின் 0.9-இலிருந்து 1.8 ஆனது இப்படித்தான். பிறகு மந்தம் வந்தது. மந்தம் வந்தவர் தானாக எழுந்து குடிக்க மாட்டார், கேட்கவும் மாட்டார். அங்கிருந்து சரிவு வேகமாகிவிடும்.

ஒரு சின்ன விஷயம் இங்கே சொல்ல வேண்டும். தயசைடு மருந்துகள் சோடியத்தை ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் பெயர் வாங்கியவை. தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டு, சாப்பாடு குறைவாக, இந்த மாத்திரையையும் போடும் முதியவர்களுக்கு சோடியம் 120-க்குப் போய் அதே மந்தம், அதே குழறலோடு வருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வீட்டில் பெரியவர் திடீரென்று தடுமாறினால், தண்ணீர்க் குறைவு என்று நீங்களே முடிவுகட்டி லிட்டர் கணக்கில் புகட்டாதீர்கள். அரை மயக்கத்தில் புரையேறும் ஆபத்து வேறு. ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கு அதிக நேரமாகாது. இதய பலவீனம், சிறுநீரக நோய், கல்லீரல் வீக்கம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை அவரவர் மருத்துவர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அனுபவம் உதவாது.

வீட்டுக்கு அனுப்பும்போது எதை மாற்றினோம் என்பதற்கு வருகிறேன். 'நிறைய தண்ணி குடிங்க' என்று எழுதிக்கொடுப்பதில் பயனில்லை. அவர் அதை ஏற்கெனவே கேட்டவர், பாட்டிலை ஏற்கெனவே காலி செய்தவர்.

ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை நின்றது. அழுத்தம் ஏறியபோது டெல்மிசார்ட்டன் மட்டும், குறைந்த அளவில். வலி மாத்திரைக்குப் பதில் பாராசிட்டமால், முட்டுக்கு இயன்முறைப் பயிற்சி. ஆம்லோடிபின் பாதி அளவானது. அது கணுக்காலில் நீரைக் கோக்கும். பகலெல்லாம் காலில் தேங்கும் அந்த நீர் படுத்ததும் மேலே ஏறி ராத்திரிச் சிறுநீராக வெளியேறும். சாயந்தரம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னோம், எழும் தடவை குறைவதற்காக. வாந்தி, பேதி, காய்ச்சல், உபவாசம் என்று எது வந்தாலும் அன்றைக்கு அழுத்த மாத்திரையைப் போடும் முன் போன் செய்து கேட்க வேண்டும் என்று மருந்துச் சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தோம்.

இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துவிடச் சொன்னோம். ஏழு சின்ன டம்ளர், ஒவ்வொன்றும் 150 மில்லி. எழுந்ததும் ஒன்று, மாத்திரையோடு ஒன்று, குளித்ததும் ஒன்று என்று செய்கிற வேலையோடு கட்டினோம், ஆறு மணிக்குள் முடிந்துவிடும். தாகத்தைக் கேட்கவே வேண்டாம். கட்டன் சாயாவும் கணக்கில் சேரும். டீ குடித்தால் தண்ணீர் வற்றிவிடும் என்பது அளவாகக் குடிப்பவருக்குப் பொருந்தாது. இரவில் கஞ்சி திரும்பி வந்தது. சர்க்கரைக்காக அரிசியைக் குறைத்துப் பயறைக் கூட்டி, உப்பும் ஓரளவு போட்டு. டம்ளர்களும் சாயாவும் மோரும் சேர்ந்தால் 1.6 லிட்டரை நெருங்கும். முதிய பெண்களுக்குப் பானமாகவே குறைந்தது அவ்வளவு வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்திருக்கும் அளவு அது. நம் பக்கத்துப் புழுக்கத்துக்கு அதற்குக் கீழே போகவே கூடாது, கஞ்சி மேலதிகம்.

படிக்குக் கைப்பிடி போட்டார்கள். மகன் பணம் அனுப்பி, வெல்டிங் பட்டறை ஆள் வந்து ஒரே நாளில் முடித்துவிட்டார். கமோடு நாற்காலிதான் பிரச்சினையானது. "வீட்டுக்குள்ளயா? சாமி படம் இருக்குத எடத்துலயா?" என்று தொடவே இல்லை. அது பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் பை வைக்கும் இடமாக இருந்தது. பிறகு மருமகள் அதைத் திண்ணை அறைக்கு மாற்றித் துணித்திரை கட்டிக் கொடுத்திருக்கிறார். ராத்திரிக்கு மட்டும் இப்போது பயன்படுகிறது.

ஒரு மாதம் கழித்து சோடியம் 139, கிரியேட்டினின் 1.0, பொட்டாசியம் 4.4. எடை ஒன்றரை கிலோ கூடியிருந்தது. நின்றபடி எடுத்த அழுத்தம் 132/76, தலைசுற்றல் இல்லை. ஞாபகமறதி என்று மருமகள் முன்பு கவலைப்பட்டதில் பெரும்பகுதி போய்விட்டது; மிச்சமிருப்பது வயதின் மறதியா வேறெதுவுமா என்று ஆறு மாதம் கழித்து முறையாகச் சோதிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். சிறுநீரை அடக்க முடியாத அவசரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தொடங்கியிருக்கிறார், மகளிர் நோய் மருத்துவரிடம் காட்டவும் சீட்டு கொடுத்திருக்கிறோம். அந்த அவசரம் அடங்கினால்தான் ஏழு டம்ளரும் நிலைக்கும்.